காற்றில் அம்மி அரைக்கும் ஊர்

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் ரோட்டுக்கு இரண்டு புறமும் காற்றாடி பார்த்தவர் என் அம்மா. அவரிடம் போய், "வெள்ளிக்கிழமை லீவு போட்டிருக்கேன், காற்றாலை பார்க்கப் போகலாம்" என்றால் என்ன சொல்வார்? "நம்ம ஊர்ல இல்லாத காத்தாடியா மக்கா? அதுக்கு எதுக்கு லீவு?" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டு வருடம் முன்பு ஆபீஸ் நண்பர்களோடு முதல் தடவை ஸான்ஸ ஸ்கான்ஸ் (நெதர்லாந்தில் ஆம்ஸ்டர்டாம் பக்கத்தில், பழைய காற்றாலைகள் இருக்கிற ஊர்) போனபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அன்றைக்குப் பொட்டுக் காற்று இல்லை. வரிசையாக ஆலைகள் நின்றுகொண்டிருந்தன, அவ்வளவுதான். பச்சை வீடு, வாத்து, வாய்க்கால், மரச் செருப்பு, வாஃபிள். போட்டோ எடுத்தோம், ஏதோ சினிமா செட்டுக்குள் போய் வந்த மாதிரி இருந்தது. அப்புறம்தான் தெரிந்தது, அங்கே இருக்கிற வீடுகளில் பெரும்பாலானவை அந்த இடத்தில் கட்டப்பட்டவையே இல்லை, 1961-இலிருந்து 1974 வரைக்கும் ஸான் நதியோரப் பகுதிகளில் இடிபடப் போகிற பழைய மரவீடுகளையும் ஆலைகளையும் பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே வைத்திருக்கிறார்கள். சரி, செட்டுதான் என்று மனசில் முடிவு கட்டிவிட்டேன். அந்த முடிவு தப்பு என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

இந்தத் தடவை ஒரு காரியம் மட்டும் உருப்படியாகச் செய்தேன். டிக்கெட் பார்ப்பதற்கு முன்னால் வானிலை பார்த்தேன். நல்ல காற்று அடிக்கிற நாள்.

ஆம்ஸ்டர்டாம் சென்ட்ரலில் ஸ்பிரின்டர் ரயில் பிடித்தால் 17, 18 நிமிடத்தில் ஸான்டைக் ஸான்ஸ ஸ்கான்ஸ் ஸ்டேஷன். தனியாக டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை, பேங்க் கார்டையே வாசலில் தொட்டால் போதும். இறங்கும் இடத்தில் மறக்காமல் மறுபடியும் தொட வேண்டும், இல்லாவிட்டால் கூடுதலாகப் பிடித்துக்கொள்ளும். பிளாட்பாரத்தில் கால் வைத்ததும் அம்மா நின்றுவிட்டார். "யாரோ கேக் சுடுறாங்க." கேக் இல்லை, கோகோ. பக்கத்தில் இருக்கிற தொழிற்சாலையில் கோகோ கொட்டையை வறுத்து அரைக்கிற வாசனை. உலகத்திலேயே அதிகமாகக் கோகோ வந்திறங்கும் துறைமுகம் ஆம்ஸ்டர்டாம்தான், அதில் பெரும்பங்கு இந்த நதிக்கரையில் அரைபடுகிறது. இந்த வாசனையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

ஸ்டேஷனிலிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடை. வழியில் ஸான் நதியைத் தாண்டும் யூலியானா பாலம். படகு வந்தால் பாலத்தைத் தூக்கிவிடுவார்கள், நாம் சைக்கிள்காரர்களோடு நிற்க வேண்டியதுதான். நாங்களும் நின்றோம். அங்கேதான் அம்மாவின் குடை பின்பக்கமாகப் புரண்டு கம்பி இரண்டு ஒடிந்தது. இந்த ஊருக்குக் குடை எடுத்து வருவதே வீண், தொப்பி வைத்த மழைக்கோட்டு போதும் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். சொன்னால் யார் கேட்கிறார்கள்.

ஆனால் அந்தப் பாலத்தில் நின்றபடி பார்த்தால் தெரியும். நதியோரக் கரை நெடுக ஆலைகள், எல்லாமே சுற்றிக்கொண்டிருந்தன. நம் ஊர்க் காற்றாடி மாதிரி மெல்ல, அலட்சியமாகச் சுற்றவில்லை. துணி கட்டிய நான்கு பெரிய இறக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக விர் விர்ரென்று தரையைத் தடவுகிற மாதிரி இறங்கி ஏறுகின்றன. பாய்க்கப்பலில் செய்கிற மாதிரியே காற்றுக்குத் தக்கபடி அந்தத் துணியை விரிப்பார்கள், சுருட்டுவார்கள். அடி வாங்கினால் ஆள் காலி. புத்தி பேதலித்தவனைப் பற்றி டச்சுக்காரர்கள் 'ஆலையிடம் ஒரு அறை வாங்கியவன்' என்பார்களாம். நாம் மறை கழன்றவன் என்கிறோமே, அது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நண்பர்கள் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ராட்டர்டாம் பக்கம் கிண்டர்டைக் என்று ஒரு இடம் இருக்கிறது, 19 ஆலைகள், 1997-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அந்த ஆலைகளுக்கு ஒரே வேலை, தாழ்வான நிலத்திலிருந்து தண்ணீரை மேலே இறைத்துவிடுவது. கமலை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸான் நதிக்கரை ஆலைகள் வேறு ஜாதி. இவை தொழிற்சாலைகள். மரம் அறுத்தன, எண்ணெய் ஆட்டின, காகிதம் செய்தன, கடுகும் மூக்குப்பொடியும் அரைத்தன, வாற்கோதுமை உமி நீக்கின. உச்சத்தில், 18-ஆம் நூற்றாண்டில், இந்தச் சின்ன வட்டாரத்தில் மட்டும் சுமார் 600 ஆலைகள் ஓடிக்கொண்டிருந்தன. புகைபோக்கி இல்லாத ஒரு தொழிற்பேட்டை.

முதலில் நுழைந்தது 'ஹெட் யோங்க ஸ்காப்', இளம் ஆடு என்று பெயர், மரம் அறுக்கும் ஆலை. இதன் மூல ஆலை 1680-இல் எழும்பி 1942-இல் இடிக்கப்பட்டது. இடிப்பதற்கு முன்னால் ஒருவர் அதை அங்குலம் அங்குலமாக அளந்து வரைந்து வைத்திருந்ததால் அதே அளவில் மறுபடியும் கட்டி 2007-இல் திறந்தார்கள். அதாவது நகல். "அப்ப இது பழசு இல்லியா?" என்று அம்மா முகம் சுளித்தார். அந்த நேரம் பார்த்து, மேலே ஆலைக்காரர் எதையோ விடுவிக்க, கட்டடமே ஒரு தடவை குலுங்கி, பத்துப் பதினைந்து ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய ஒரு தடிக்குள் ரம்பங்கள் மேலும் கீழுமாக இறங்க ஆரம்பித்தன. தடியும் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்து வருகிறது, அதையும் காற்றே இழுக்கிறது. மோட்டார் கிடையாது. மரத்தூள் வாசனை. அம்மா அதற்கப்புறம் பழசா புதுசா என்று கேட்கவில்லை.

வட்டமாகச் சுற்றுகிற அச்சை மேலும் கீழும் போகிற அசைவாக மாற்றுவதுதான் இதில் சூட்சுமம். பக்கத்து ஊரான அய்ட்கெஸ்ட்டைச் சேர்ந்த கொர்னேலிஸ் கொர்னேலிஸ்ஸோன் என்கிற விவசாயி 1593-இல் அதற்கு உரிமம் வாங்கினார். நம் தையல் மிஷின் மிதியில் இருக்கிற அதே வளைந்த தண்டு, திசைதான் தலைகீழ். கையால் அறுப்பதைவிட 30 மடங்கு வேகம் என்கிறார்கள். ஆம்ஸ்டர்டாமில் மரம் அறுக்கிறவர்களின் சங்கம் இதை உள்ளே விடவில்லை, வயிற்றுப் பிழைப்பு, எப்படி விடுவார்கள்? அதனால் அந்தக் கட்டுப்பாடு இல்லாத ஸான் கரைக்கு ஆலைகள் வந்தன, பின்னாலேயே பலகை, பலகை பின்னாலேயே கப்பல். 1697-இல் ரஷ்ய சார் மன்னர் பீட்டர், பெயரை மாற்றிக்கொண்டு சாதாரண தச்சன் மாதிரி இதே நதிக்கரையில் இருக்கிற ஸான்டாமுக்கு வந்து தங்கிக் கப்பல் கட்டப் பழகினார். எட்டே நாள், ஊரே திரண்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டதால் ஆம்ஸ்டர்டாமுக்கு ஓடிவிட்டார். அவர் தங்கிய மரவீடு ஸான்டாமில் இன்னும் இருக்கிறது. நாங்கள் போகவில்லை, அம்மாவுக்குக் கால்வலி.

அடுத்தது எண்ணெய் ஆலை, 'டெ ஸூக்கர்'. தேடுகிறவன் என்று அர்த்தம். இதுவும் 1968-இல் வேறிடத்திலிருந்து வந்ததுதான். உள்ளே ஒரு வட்டக் கல்மேடை, அதன்மேல் ஆள் உயரத்துக்குப் பக்கமான இரண்டு கல் சக்கரங்கள் நிமிர்ந்து நின்றபடி ஒன்றையொன்று துரத்திக்கொண்டு உருள்கின்றன. நடுவில் ஆளி விதை நசுங்குகிறது. அம்மா குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இது நம்ம கிரைண்டருல்லா மக்கா!"

அதேதான். வீட்டில் இட்லிக்கு மாவாட்டுகிற டேபிள்டாப் கிரைண்டரில் இரண்டு கல் உருளுமே, அதை யானை அளவுக்குப் பெரிதாக்கி, மோட்டாரைக் கழற்றிவிட்டுக் காற்றை மாட்டியிருக்கிறார்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்போம், அம்மி பறந்து யாரும் பார்த்ததில்லை. இங்கே காற்று அம்மியை வேலைக்கு வைத்திருக்கிறது.

நசுங்கிய விதையைத் தீயில் லேசாகச் சூடாக்கி, கம்பளிப் பையில் கட்டி, ஆப்புகளுக்கு நடுவில் சொருகி, மேலேயிருந்து ஒரு கனத்த உலக்கை அந்த ஆப்பின் தலையில் திடும் திடுமென்று விழ, அடியில் எண்ணெய் சொட்டுகிறது. அந்தச் சத்தத்தில் பேச முடியவில்லை. இதைக் காலம்பூராவும் கேட்ட எண்ணெய் ஆலைக்காரர்களுக்குக் காது போய்விடும் என்பது இங்கே ஊரறிந்த விஷயம். எண்ணெய் பெயின்ட்டுக்கும் சோப்புக்கும் போனது, மிச்சம் மாட்டுக்கு. "பிண்ணாக்கு" என்று அம்மா ஆலைக்காரரிடம் தமிழிலேயே சொல்லித் தலையாட்டினார், அவரும் ஆட்டினார். என்ன புரிந்ததோ.

மூன்றாவதாக 'டெ கட்', பூனை. காற்றைக் கொண்டு வண்ணப்பொடி அரைக்கிற ஆலை உலகத்தில் இது ஒன்றுதான் மிச்சம். ஒட்டுச்செடி மாதிரியான ஆலை இது, கீழ்ப்பகுதி பழைய பூனையுடையது, மேலே இருக்கிற எட்டுப்பட்டை உடம்பு 1960-இல் இன்னொரு ஆலையிலிருந்து கொண்டுவந்து உட்கார்த்தியது. வெளியே சுற்றிவர ஒரு மரத் தாழ்வாரம் உண்டு, அதில் ஏறப் படிக்கட்டு என்கிற பெயரில் ஒரு ஏணி. அம்மா புடவையைச் சொருகிக்கொண்டு ஏறிவிட்டார். இறங்கும்போதுதான் கஷ்டம், பின்பக்கமாகத் திரும்பி ஒவ்வொரு படியாகக் காலால் தடவி இறங்க வேண்டும், பின்னால் வரிசை நிற்கும், கவலைப்படாதீர்கள், எல்லோரும் அப்படித்தான் இறங்குகிறார்கள். மேலே நின்றால் இறக்கை முகத்துக்கு நேராகப் போய் வருகிறது, கயிறு கட்டித் தடுத்திருக்கிறார்கள் என்றாலும் வயிற்றுக்குள் ஒரு திக். ஆலையின் உடம்பு நாணல் வேய்ந்தது. அம்மா தொட்டுப் பார்த்து, "நல்லா அடர்த்தியா வேஞ்சிருக்கான்" என்று ஒரு சர்ட்டிபிகேட் கொடுத்தார்.

உள்ளே ஜாடி ஜாடியாகப் பொடிகள். நீலம், மஞ்சள், பச்சை, நடுவில் ஒரு செங்காவி. அதைப் பார்த்ததும் அம்மாவின் கண் மாறியது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மற்றவை சுருக்கமாக. மரச் செருப்புக் கடையில் செய்முறை காட்டுகிறார்கள், ஈரமான பாப்லர் மரத்தில் மிஷினால் கடைந்து (சாவிக்கு நகல் எடுக்கிற மிஷின் பார்த்திருப்பீர்களே, அதே தத்துவம், ஒரு மாதிரிச் செருப்பைத் தடவிக்கொண்டே இன்னொன்றைக் கடைகிறது) முடித்தவுடன் அதற்குள் வாய் வைத்து ஊதினால் மரத்தின் நரம்பு வழியாகத் தண்ணீர் தெறிக்கிறது. பார்க்கலாம், வாங்க வேண்டாம். சீஸ் கடையில் கூட்டம் நெரிகிறது. வெள்ளிக்கிழமை அம்மா சுத்த சைவம், பழைய முறைச் சீஸில் பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுத்த பொருளைப் போடுவார்கள், அதனால் ஒவ்வொரு அட்டையாகப் படித்து, கேட்டு, நுண்ணுயிரால் திரித்தது எது என்று பிரித்து வாங்க அரை மணி நேரம் ஆனது. பொறுமையாகக் கேட்டால் சொல்கிறார்கள். சீரகம் போட்ட சீஸ் என்று ஒன்று இருக்கிறது, அது அம்மாவுக்குப் பிடித்துப்போனது. சாப்பாடு மட்டும் கையில் கொண்டுபோய்விடுங்கள். நாங்கள் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கும் கொண்டுபோய்க் கரையோரப் புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டோம், வாத்துகள் மொய்த்துவிட்டன.

இங்கே சுமார் நூறு பேர் நிஜமாகவே குடியிருக்கிறார்கள். அந்தப் பச்சை மரவீடுகளில் திரைச்சீலைக்குப் பின்னால் யாரோ காபி குடித்துக்கொண்டிருப்பார்கள். (மரவீடு அழகுக்காக இல்லை, சதுப்பு நிலம் செங்கல் கனம் தாங்காது.) 2024-இல் மட்டும் 26 லட்சம் பேர் வந்திருக்கிறார்கள். நினைத்துப் பாருங்கள், நம் வீட்டு ஜன்னலுக்கு வெளியே வருடத்துக்கு 26 லட்சம் செல்ஃபி. நாங்கள் போனபோது தெருவில் நடக்கக் காசில்லை, ஆலைகளுக்கும் மியூசியத்துக்கும்தான் தனித்தனி டிக்கெட் இருந்தது. ஆளுக்கு 17.50 யூரோ நுழைவுக் கட்டணம் வைக்க நகராட்சி திட்டம் போட்டதும் கடைக்காரர்கள் எதிர்த்தார்கள். என்னைக் கேட்டால், வாங்கட்டும். அந்தப் பணத்துக்கு ஆலைகளை உள்ளே போய்ப் பார்ப்பதாக இருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம், வெளியே நின்று போட்டோ மட்டும் என்றால் எனக்கும் மனசு வராது. எப்படியிருந்தாலும் ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். பத்தரைக்கு டூர் பஸ்கள் வந்துவிடும், அப்புறம் தைப்பூசக் கூட்டம்.

சாயங்காலம் பாலத்தைத் தாண்டித் திரும்பும்போது மறுபடியும் அந்தக் கோகோ வாசனை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீராவி இயந்திரம் வந்ததும் அந்த 600 ஆலைகளில் பெரும்பாலானவற்றை இடித்துவிட்டார்கள் சரி, ஆனால் அரைக்கிற வேலையை இந்த ஊர் விடவே இல்லை. இந்தக் கரையில் காற்று அரைக்கிறது, அந்தக் கரையில் மின்சாரம் அரைக்கிறது. முதல் தடவை நான் சினிமா செட் என்று நினைத்த இடத்துக்கு எதிர்க்கரையில் நிஜத் தொழிற்சாலை நாள் முழுக்க மணத்துக்கொண்டிருந்திருக்கிறது, வாஃபிள் வாசனை என்று நினைத்துவிட்டேன்.

அந்தக் காவி. ஒரு சின்னப் பை வாங்கினார், கோலத்துக்கு. "இந்த விலைக்கு நம்ம ஊர்ல ஒரு மூட்டை கெடைக்கும்மா" என்றேன். "காத்து அரைச்சதுல்லா" என்று கைப்பையில் வைத்துக்கொண்டார். ஊருக்குத் திரும்பும்போது ஏர்போர்ட்டில் யாராவது பிரித்துப் பார்த்தால் மிளகாய்ப்பொடி என்று சொல்லிவிடு என்று எனக்கே சொல்லிக்கொடுத்தார். யாரும் கேட்கவில்லை. மார்கழியில் வாசல் கோலத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினார், ஓரத்தில் காவிப்பட்டை. நிறம் நம் ஊர்க் காவி அளவுக்கு எடுக்கவில்லையாம்.