ரெண்டும் சோளந்தானே

உடுமலைப் பக்கம் ஒரு உரக்கடையில் வேலை பார்க்கிறேன். கோழித்தீவனத்துக்குப் போகும் மக்காச்சோளம்தான் இங்கே எங்கு பார்த்தாலும்.

வாடிக்கையாக வரும் ஒரு ஆத்தாவுக்கு மூன்று ஏக்கரில் அந்தச் சோளம், வாய்க்கால் ஓரம் பத்து சென்டில் ஸ்வீட் கார்ன். களை மருந்து எழுதிக் கொடுத்தது நான்தான்: டெம்போட்ரையோன், ஏக்கருக்கு 115 மில்லி, கூட அட்ரசின். எட்டாம் நாள் போய்ப் பார்த்தால் தீவனச் சோளம் கரும்பச்சையாகச் செழித்து நிற்கிறது. ஸ்வீட் கார்ன் குருத்தோ சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடக்கிறது.

"ஏங்கண்ணு, ரெண்டும் சோளந்தானே? இதுக்கு மட்டும் என்ன கேடு?"

படைப்புழுவுக்கு ஏதாவது கலந்து அடித்தீர்களா என்றுதான் முதலில் கேட்டேன். சில ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்துகள் சேர்ந்தால் சோளத்துக்குக் களைக்கொல்லியைச் சிதைக்கும் வேகம் குறைந்துவிடும். எதுவும் கலக்கவில்லை. அடித்த ஆளும் ஒருவர்தான், நாளும் ஒன்றுதான். பதில் சொல்லத் தெரியாமல் திரும்பி வந்தேன். அன்று ராத்திரி சரியாகத் தூக்கமே இல்லை.

அப்புறம் தேடிப் படித்தேன். டெம்போட்ரையோன் செடியில் கரோட்டினாய்டு உண்டாவதை நிறுத்திவிடுகிறது. வெயிலிலிருந்து பச்சையத்தைக் காப்பது அந்த நிறமிதான். அது போனால் இலை வெளுக்கும். களைக்குள் போகும் அதே மருந்துதான் சோளத்துக்குள்ளும் போகிறது. சைட்டோகுரோம் பி450 வகையைச் சேர்ந்த ஒரு நொதி அதைச் சீக்கிரம் சிதைத்துவிடுவதால் சோளம் பிழைக்கிறது. அந்த நொதிக்கான முக்கிய மரபணு ஐந்தாம் குரோமோசோமில் இருக்கிறது. சில ரகங்களில் அது பழுதாகியிருக்கும். தாய், தகப்பன் இரண்டு பக்கமும் பழுது வந்த செடி அடி வாங்கும். ஒரு பக்கம் மட்டும் என்றால் ஓரளவு தாங்கும். அமெரிக்காவில் 'மெரிட்' என்ற ஸ்வீட் கார்ன் ரகம் இதற்குப் பேர்போனது. டெம்போட்ரையோனுக்கு மட்டுமல்ல, நிகோசல்ஃபூரான் என்ற இன்னொரு களைக்கொல்லிக்கும் அது தாங்காது. அந்த இரண்டு மருந்தும் களையைக் கொல்லும் வழி வேறு, ஆனால் சோளம் அவற்றைச் சிதைப்பது ஒரே நொதியால்தான்.

ஆத்தா விதைத்ததும் அப்படியொரு ரகம் என்றே நினைக்கிறேன். 'மக்காச்சோளத்துக்கு' என்று கேட்டு மருந்து எடுத்துக் கொடுத்தே பழகிவிட்டோம். என்ன ரகம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்காதது என் தப்பு, அவரிடமே சொன்னேன்.

பாதிச் செடி பச்சை திரும்பியது, கதிர் சிறுத்துவிட்டது. இந்தப் போகம் புது ரகம் விதைத்திருக்கிறார். ஒரு வரிசைக்கு மட்டும் மருந்து அடித்துவிட்டு, பத்து நாள் ஆகட்டும் என்று இருவரும் காத்திருக்கிறோம்.