பெரியப்பா நோட்டும் கடை பில்லும்: மல்டிகார்ன் நிறுவிய அனுபவம்

சேரன்மகாதேவியில் அக்கா வீட்டு அத்தானுக்கு உரக்கடை இருக்கிறது. விதை நெல்லும் விற்கிறார். பில் போடும் மென்பொருளை 2019இல் நான்தான் எழுதிக் கொடுத்தேன். கடைக் கம்ப்யூட்டரில் உபுண்டு 22.04 ஓடுகிறது, அதன் மேல் போஸ்ட்கிரெஸ் 14 என்ற டேட்டாபேஸ். எந்தத் தேதியில் எத்தனை மூட்டை அம்பை 16 ரக விதை நெல் போனது, எவ்வளவு யூரியா போனது என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

இன்னொரு கணக்கு பத்தமடையில் பெரியப்பா வீட்டில் இருக்கிறது. அவர் கன்னடியன் கால்வாயில் லஸ்கராக, அதாவது மதகுகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2013 ஜனவரி முதல் தேதியிலிருந்து பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு மூன்று அணைகளின் நீர்மட்டத்தையும், அன்றைய மழையையும் தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் நோட்டில் எழுதி வருகிறார். பாபநாசம் முழுக் கொள்ளளவு 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118 என்பது அவர் வீட்டுச் சின்னப் பிள்ளைக்குக்கூட மனப்பாடம். அவருடைய பேத்தி அந்த நோட்டுகளை வருஷத்துக்கு ஒரு சிஎஸ்வி கோப்பாக (கட்டங்களைக் கமா போட்டுப் பிரித்த சாதாரண எழுத்துக் கோப்பு) தட்டச்சு செய்து வைத்திருக்கிறாள். இப்போதும் தினமும் ஒரு வரி சேர்க்கிறாள். அந்தக் கோப்புகள் தானாகவே கடைக் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும்படி செய்திருந்தேன்.

போன வருஷம் கார் நெல் பருவத்துக்கு முன்னால் அத்தான் கேட்டார். "மாப்ள, கால்வாயில தண்ணி தொறந்து எத்தனாவது நாள்ல ஜனங்க வெதைக்கு வாராங்கன்னு கணக்கு எடுக்க முடியுமா? லோடு முந்தியே வந்துட்டா பணம் முடங்குது. பிந்துனா அடுத்த கடைக்குப் போயிருதாங்க." விதை மூட்டைக்குக் காலாவதி 9 மாதம். கார் பருவத்துக்கு எடுத்தது தங்கிப்போனால் முளைப்புத்திறனும் குறையும், முதலும் நஷ்டம். ரொம்ப நியாயமான கேள்வி அது. விடை பாதி பில்லில் இருந்தது, பாதி பெரியப்பா நோட்டில் இருந்தது.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். சிஎஸ்வியை தினமும் ராத்திரி டேட்டாபேஸில் ஓர் அட்டவணைக்குள் நகல் எடுத்தேன். ஒரு மாதத்துக்குள் இரண்டு கணக்கும் வேறு வேறாகிவிட்டது. பெரியப்பா எழுதியதோடு விடுகிற ஆள் இல்லை. நாலு நாள் கழித்து யாரையாவது விசாரித்து, "வியாழக்கிழமை சேர்வலாறு தப்பா எழுதிட்டேன்" என்று பழைய வரியைத் திருத்துவார். பேத்தியும் கோப்பில் திருத்துவாள். என் நகல் அப்படியே நிற்கும். அவர் கணக்கு அவரிடமே இருக்கட்டும், கேள்வி கேட்கும்போது டேட்டாபேஸ் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தது அப்போதுதான்.

போஸ்ட்கிரெஸில் இதற்கு ஃபாரின் டேட்டா ராப்பர் என்ற ஏற்பாடு உண்டு. வெளியே இருக்கும் தரவை உள்ளே இருக்கும் அட்டவணை மாதிரியே காட்டும். எஸ்க்யூஎல் தரத்தில் இதற்கென்றே ஒரு தனிப் பகுதி இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் 2011இல் 9.1 பதிப்பில் படிக்க மட்டும் வசதி கொடுத்தது, 2013இல் 9.3இல் எழுதவும் வழி வந்தது. சாதாரண சிஎஸ்வி ஒன்றைப் படிக்க, போஸ்ட்கிரெஸோடு கூடவே வரும் ஃபைல் எஃப்டிடபிள்யூ என்ற ராப்பர் போதும். ஆனால் என்னிடம் வருஷத்துக்கு ஒரு கோப்பு, அதிலும் மனிதக் கையெழுத்திலிருந்து வந்த கோப்பு. படிக்கும்போதே கொஞ்சம் யோசித்துப் படிக்க வேண்டும். அதற்குத்தான் மல்டிகார்ன். சி மொழியில் எழுதிய ஒரு பாலம் அது. பாலத்துக்கு அந்தப் பக்கம் நாம் பைத்தானில் ஒரு கிளாஸ் எழுதினால் போதும், போஸ்ட்கிரெஸுக்கு அது ஓர் அட்டவணை. முதலில் வந்த மல்டிகார்ன் போஸ்ட்கிரெஸின் புதுப் பதிப்புகளோடு சேர்ந்து வளரவில்லை. அதன் தொடர்ச்சியாக வரும் மல்டிகார்ன்2 என்பதைத்தான் எடுத்தேன்.

மூல நிரலிலிருந்து கட்டுவதற்கு சி கம்பைலர், பைத்தான் 3இன் டெவ் பொதி (கட்டும்போது தேவைப்படும் கோப்புகள்), போஸ்ட்கிரெஸ் சர்வர் டெவ் பொதி மூன்றும் வேண்டும். மூன்றையும் போட்டுவிட்டு, கட்டும் கட்டளையான மேக் கொடுத்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பிறகு நிர்வாகி உரிமையோடு நிறுவ, சூடோ மேக் இன்ஸ்டால் கொடுத்தேன். அதுவும் முடிந்தது. போஸ்ட்கிரெஸுக்குள் போய், அதைச் சேர்க்க கிரியேட் எக்ஸ்டென்ஷன் என்று சொன்னதும் நின்றுவிட்டது. 14இன் எக்ஸ்டென்ஷன் அடைவில் (ஃபோல்டரில்) மல்டிகார்ன் டாட் கன்ட்ரோல் என்ற கோப்பே இல்லை என்றது.

இந்த இடத்தில் இரண்டு ராத்திரி போனது. அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

எந்தப் போஸ்ட்கிரெஸுக்காகக் கட்ட வேண்டும் என்பதை பிஜி கான்ஃபிக் என்ற சின்ன நிரலிடம் கேட்டுத்தான் மேக் தெரிந்துகொள்கிறது. நான் முன்பு ஒரு தடவை சோதனைக்காகப் பதிப்பு 16ஐயும் அதன் டெவ் பொதியையும் போட்டிருந்தேன். இரண்டு பதிப்பு இருந்தால் உபுண்டுவில் வெறுமனே பிஜி கான்ஃபிக் என்றால் இருப்பதில் புதியதைத்தான் காட்டும். ஆக நான் கட்டியது 16க்கு, கேட்டது 14இடம். சரி என்று 14இன் நிரல்கள் இருக்கும் பின் அடைவை, நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியலான பாத்தில் முதலாவதாக வைத்து, மேக் கிளீன் செய்து, திரும்பக் கட்டினேன். பிஜி கான்ஃபிக் இப்போது 14 என்றுதான் சொன்னது. சூடோ மேக் இன்ஸ்டால். மறுபடியும் அதே பிழை.

மறுநாள் ராத்திரி நிதானமாக இன்ஸ்டால் வெளியீட்டை ஒவ்வொரு வரியாகப் படித்தபோதுதான் தெரிந்தது. கோப்புகள் இன்னமும் 16இன் அடைவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தன. சூடோ நம்முடைய பாத்தை எடுத்துக்கொள்வதில்லை. தனக்கென்று வைத்திருக்கும் பாதுகாப்பான பாத்தைத்தான் பார்க்கும். கட்டும்போது 14, நிறுவும்போது 16. சூடோ என்வ் என்று போட்டு, அதற்குப் பக்கத்திலேயே என் பாத்தையும் கொடுத்து, பிறகு மேக் இன்ஸ்டால் என்றதும் ஒரே தடவையில் சரியானது. மேக்குக்கு முன்னால் பிஜி கான்ஃபிக்கிடம் பதிப்பைக் கேளுங்கள், சூடோ போட்டு இன்னொரு தடவையும் கேளுங்கள். இரண்டு விடையும் ஒன்றாக இருந்தால் மட்டும் மேலே போங்கள்.

டெபியன் 12, உபுண்டு 24.04 மாதிரியானவற்றில் இன்னொரு தடை வரும். சிஸ்டம் பைத்தானுக்குள், பைத்தான் பொதிகளை நிறுவும் பிப் மூலம் எதையும் நேரடியாக வைக்க அவை விடாது. விர்ச்சுவல் என்வைரன்மென்ட் என்ற தனிப் பைத்தான் சூழலை உருவாக்கச் சொல்லும். ஆனால் மல்டிகார்னுக்கு அது உதவாது. போஸ்ட்கிரெஸ் தன் உள்ளேயே சிஸ்டம் பைத்தானைத்தான் ஏற்றுகிறது, நம் விர்ச்சுவல் என்வைரன்மென்ட் அதன் கண்ணுக்குத் தெரியாது. 22.04இல் அந்தத் தொல்லை இல்லாததால் நான் தப்பித்தேன்.

அடுத்தது அனுமதி. மல்டிகார்னோடு கூடவே வரும் சிஎஸ்வி ராப்பரை வைத்து ஒரு வருஷக் கோப்பை மட்டும் படித்துப் பார்த்தேன். அனுமதி மறுப்பு. பைத்தான் என் பெயரில் ஓடவில்லை, போஸ்ட்கிரெஸ் என்ற பயனரின் பெயரில் ஓடுகிறது. என் ஹோம் அடைவுக்குள் வேறு யாரும் எட்டிப்பார்க்க முடியாது. கோப்புகள் வந்து சேரும் இடத்தை ஹோமுக்கு வெளியே மாற்றி, அந்தப் பயனருக்குப் படிக்க மட்டும் அனுமதி கொடுத்தேன். எழுதும் அனுமதி வேண்டுமென்றே கொடுக்கவில்லை. மல்டிகார்னில் இன்சர்ட், அப்டேட்டெல்லாம் எழுத வழியிருக்கிறது. அந்த நோட்டில் எழுதும் உரிமை பெரியப்பாவுக்கும் பேத்திக்கும் மட்டும்தான்.

கோப்பு திறந்தது. அப்புறம்தான் அதற்குள் இருந்த விஷயங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பெரியப்பா தேதி எழுதுவது நாள், மாதம், வருஷம் என்ற நம்மூர் வரிசையில். எங்கள் சர்வர் அமெரிக்க அமைப்பில் இருந்தது. 13-06 என்று வந்தால் 13ஆவது மாதமா என்று கேட்டு நின்றுவிடும், அது நல்லதுதான். 05-06 என்று வந்தால் ஒன்றும் சொல்லாமல் மே 6 என்று எடுத்துக்கொள்ளும். அதுதான் ஆபத்து. கார் பருவக் கணக்கே மே கடைசி, ஜூன் முதலில்தான் நிற்கிறது. தேதியைப் பைத்தானிலேயே பிரித்து, தேதியாகவே அனுப்ப வேண்டும் என்று அங்கே முடிவானது.

2023 கோப்புக்கு வந்தபோது கேள்வி பாதியில் முறிந்தது. மழை என்ற நெடுவரிசையில் எண் இல்லை, எண் அல்லாத ஏதோ இருக்கிறது என்றது. திறந்து பார்த்தேன். டிசம்பர் 17. மழை அளவு இருக்க வேண்டிய கட்டத்தில் பெரியப்பா எழுதியிருந்தது: "அளக்க முடியல. ஆறு வயக்காட்டுக்குள்ள வந்துட்டு." 18ஆம் தேதிக்கு மூன்று அணைக் கட்டங்களும் காலி. மழைக் கட்டத்தில் "கரண்டு இல்ல" என்று மட்டும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டிய நாட்கள் அவை. பேத்தி ஓர் எழுத்துகூட மாற்றாமல் அப்படியே தட்டச்சு செய்திருந்தாள்.

அந்தக் கட்டத்தை வெறுமையாக்கினால் வேலை முடிந்துவிடும். பெரியப்பாவுக்குப் போன் செய்து கேட்டேன். "நான் எழுதுனத மாத்தாதலே. அன்னைக்கு அளவு அதுதான்" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. அன்றைய தகவல் அதுதான். மாற வேண்டியது என் பக்கம்.

அதனால் கூட வந்த ராப்பரை விட்டுவிட்டு நானே ஒரு கிளாஸ் எழுதினேன். மல்டிகார்னின் அடிப்படைக் கிளாஸிலிருந்து எடுத்து, இனிட், எக்ஸிக்யூட் என்று இரண்டு ஃபங்ஷன் எழுதினாலே அட்டவணை தயார். எக்ஸிக்யூட் ஒவ்வொரு வரியையும் ஒரு டிக்ஷனரியாக (பெயரும் மதிப்புமான தொகுப்பாக) ஈல்ட் செய்ய, அதாவது ஒவ்வொன்றாகத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். கட்டத்தில் எண் இருந்தால் எண்ணாக அனுப்புகிறேன். எழுத்து இருந்தால் எண் நெடுவரிசைக்கு நல் (மதிப்பு இல்லை என்ற அடையாளம்), எழுத்து அப்படியே குறிப்பு என்ற நெடுவரிசைக்கு. ஒன்றும் தொலைவதில்லை. கோப்பைத் திறக்கும்போது எழுத்துக் குறியீடு யூடிஎஃப் 8 என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சர்வருக்குள் ஓடும் பைத்தான் எந்த மொழி அமைப்பில் ஓடும் என்று நம்பியிருக்க முடியாது, தமிழ்க் குறிப்பு உடைந்துபோகும்.

கேள்வியில் தேதி நிபந்தனை இருந்தால் அதையும் மல்டிகார்ன் எக்ஸிக்யூட்டிடம் கொடுத்துவிடும். 2021க்கு மேல் என்று கேட்டால் முந்தைய கோப்புகளைத் திறக்கவே வேண்டாம். கூடுதலாக வரி அனுப்பினால் தவறில்லை, போஸ்ட்கிரெஸ் தானே ஒரு தடவை சரிபார்த்து வடிகட்டிக்கொள்ளும். குறைத்து அனுப்பினால்தான் விடை தப்பாகும். பைத்தான் கோப்பைத் திருத்திவிட்டு அதே இணைப்பில் சோதித்தால் பழையதுதான் ஓடும் என்பதையும் நினைவில் வையுங்கள். இணைப்பை மூடித் திறக்க வேண்டும். எனக்கு அரை மணி நேரம் அதில் போனது.

பில் அட்டவணையோடு இணைத்துக் கேட்டபோது ரொம்ப மெதுவாக வந்தது. மொத்தமே நாலாயிரத்துச் சொச்சம் வரிதான், ஏன் இப்படி என்று, போஸ்ட்கிரெஸ் போடும் திட்டத்தைக் காட்டும் எக்ஸ்ப்ளெயின் போட்டேன். அணை அட்டவணையில் 10 கோடி வரி இருப்பதாகத் திட்டமிட்டிருந்தது. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் மல்டிகார்ன் இயல்பாக அந்த எண்ணைத்தான் சொல்கிறது. கெட் ரெல் சைஸ் என்ற ஃபங்ஷனில் உண்மையான அளவாக 5,000 என்று எழுதினேன். கண் இமைப்பதற்குள் விடை வந்தது.

விடை என்ன? பில் இருக்கும் ஆறு கார் பருவங்களை எடுத்து, பாபநாசம் மட்டத்தையும் விதை விற்பனையையும் நாள்வாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். தண்ணீர் திறந்து எத்தனாவது நாள் என்பது அத்தானின் கேள்வி. பில் வேறொன்றைக் காட்டியது. அணை ஏறிக்கொண்டிருந்த வருஷங்களில் கால்வாய் திறப்பதற்கு முன்பே விதை நெல் போகத் தொடங்கியிருந்தது. மட்டம் அசையாமல் நின்ற வருஷங்களில் தண்ணீர் கால்வாயில் வந்த பிறகும் ஆட்கள் ஒரு வாரம்போல யோசித்திருக்கிறார்கள். அத்தான் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அவங்களும் பெரியப்பா மாதிரிதான், அணையத்தான் பாக்காங்க" என்றார். இந்த வருஷம் லோடுக்குச் சொல்லும் தேதியைத் திறப்பு அறிவிப்பை வைத்து முடிவு செய்யவில்லை. பாபநாசம் தொடர்ந்து எத்தனை நாள் ஏறுகிறது என்பதை வைத்தே முடிவு செய்தார். அந்தக் கேள்வியைப் பில் திரையில் ஒரு பொத்தானாக வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

போன ஞாயிறு பெரியப்பா கடைக்கு வந்திருந்தார். 2023 டிசம்பரைத் திரையில் எடுத்துக் காட்டினேன். அவர் எழுதிய வரி குறிப்பு நெடுவரிசையில் அப்படியே இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். 18ஆம் தேதி காலியாக இருந்ததைப் பார்த்து, "மணிமுத்தாறு அளவு அந்த வாரக் காகிதத்துல ஒண்ணுல குறிச்சு வச்சிருக்கேன், தேடிப் பாக்கணும்" என்றார். புதன்கிழமை பேத்தி கோப்பைத் திருத்தினாள். நான் கடையில் அதே கேள்வியை மறுபடியும் ஓட்டினேன், மணிமுத்தாறு கட்டத்தில் அளவு வந்திருந்தது.