ஹெச்எஸ்கே 4: ஒரே ஒரு 'தா'வில் போன மார்க்

ஹெச்எஸ்கே என்ற சீன மொழித் தேர்வின் 4-ஆம் நிலை ரிசல்ட் நேற்று வந்தது. 300-க்கு 221. போன முறை 174, பாஸுக்கு 6 மார்க் குறைவு. 4-ஆம் நிலை முடிக்காமல் எங்கள் மருத்துவக் கல்லூரியில் இன்டர்ன்ஷிப்புக்கு விட மாட்டார்கள், அதனால் அந்த 6 மார்க் என்னை மாதக்கணக்கில் தூங்க விடவில்லை.

கேட்டல், வாசிப்பு எல்லாம் ஓரளவு ஓடிவிட்டது. எழுத்தில்தான் விழுந்தேன், 41. இந்த முறை அதில் 72. நடுவில் நான் மாற்றியது, 'தா' என்ற வினைச்சொல்லைப் படித்த விதத்தை மட்டும்தான். மூன்றாம் தொனியில் வரும் 'தா', அகராதியில் முதல் அர்த்தம் அடி.

முதல் முறை ஆங்கிலப் பட்டியலை வைத்து மனப்பாடம் செய்தேன். தா தியன்ஹுவா என்றால் போன் கால், தா யின் என்றால் பிரிண்ட், தா ஜென் என்றால் இன்ஜெக்ட். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் மண்டையில் கிடந்தன. நம்மிடம்தான் 'அடி' இருக்கிறதே! போன் அடிக்கிறோம், பிரிண்ட் அடிக்கிறோம், மேளம் அடிக்கிறோம், சைக்கிளுக்குக் காற்று அடிக்கிறோம், சீனத்திலும் அது தா ச்சி, அப்படியே காற்றடிதான்.

அதைவிட முக்கியம் வரிசை. படம் பார்த்து எழுதும் கேள்வியில் ஒரு நர்ஸ், ஒரு குழந்தை, கொடுத்த சொல் தா ஜென். ஆங்கிலப் பழக்கத்தில் குழந்தையைக் கடைசியில் கொண்டுபோய் வைத்தேன். 'ஹுஷ் கெய் ஹைட்ஸ தா ஜென்' என்று வந்திருக்க வேண்டும். தமிழில் நினைத்திருந்தால் தானாக வந்திருக்கும்: நர்ஸ் குழந்தைக்கு ஊசி போடுகிறார். அந்த 'க்கு'தான் கெய். அம்மாவுக்கு போன் அடித்தேன், கெய் மாமா தா தியன்ஹுவா, இதுவும் அதே அச்சு. ஆங்கிலத்தை நடுவில் விடாதீர்கள், ப்ளீஸ்.

என் நோட்டில் இருப்பது:

- தா ஜாவ்ஹு (வணக்கம் சொல்வது): ஆளுக்கு முன்னால் 'கென்' போட்டுப் பழகுங்கள், நம் 'அவரோடு' என்பதில் வரும் 'ஓடு' மாதிரி.
- தா சாவ் (சுத்தம் செய்), தா ராவ் (தொந்தரவு செய்), தா யின்: இவற்றில் இரண்டாம் எழுத்தும் வினை, அதனால் செயப்படுபொருள் நேராகப் பின்னால் வரலாம். தா சாவ் ஃபாங்ஜியன், அறையைச் சுத்தம் செய்.
- தா பா ஜெ ('பா' என்றால் எட்டு): 80% தள்ளுபடி இல்லை! விலையில் 80% கட்ட வேண்டும். 200 யுவான் சட்டை 160. கேட்டலில் ஒரே முறைதான் ஒலிக்கும், யோசிக்க நேரம் கிடையாது.
- தா சுவான் (திட்டமிடு), தா பான் (அலங்கரி): இங்கே 'அடி' உதவாது, உருப்போடுங்கள்.

நான் வாய்விட்டுச் சொல்லிப் படிக்கிறவன், ஃப்ளாஷ்கார்டு எனக்கு ஒட்டவே இல்லை. தினமும் ராத்திரி பத்து கெய் வாக்கியம், முதலில் தமிழில், அப்புறம் சீனத்தில், சத்தமாக. பக்கத்து அறைக்காரர்கள் திட்டினார்கள், நிறுத்தவில்லை. அந்த வாக்கியங்கள் எல்லாம் நோட்டில் இருக்கின்றன, வேண்டுமென்றால் கேளுங்கள், போட்டோ எடுத்து அனுப்புகிறேன். திங்கட்கிழமையிலிருந்து வார்டு, அதற்குள் கேட்டுவிடுங்கள்.