தோட்டத்துத் தேநீர் விருந்து, நீர்வண்ணத்தில்

வேப்பமரத்தடியில் வெள்ளைத் துணி விரித்த மேசை, சாசரோடு பீங்கான் கோப்பைகள், ஆரணிப் பட்டில் வந்திருக்கும் பக்கத்து வீட்டம்மா. படத்துக்கு இது போதும். எல்லார் முகத்தையும் வரைய உட்கார்ந்தால் குரூப் போட்டோ ஆகிவிடும்.

தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) காட்டன். மெல்லிய தாள் நனைந்ததும் அலையலையாக எழும்பும்.

பலரும் சறுக்குவது கோப்பை வாயில்தான். அது நீள்வட்டம். இரண்டு முனையும் வளைந்து திரும்ப வேண்டும், கூராகக் கூடாது. கண்மட்டத்துக்குக் கீழே இறங்க இறங்க நீள்வட்டம் விரியும். அதனால் சாசர், கோப்பை வாயைவிடச் சற்று உருண்டையாகத் தெரியும்.

துணிக்கு வெள்ளைப் பெயிண்ட் வேண்டாம், தாளையே விட்டுவிடுங்கள். மடிப்பு நிழலுக்கு அல்ட்ராமரீன் நீலத்தில் துளி பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), நிறையத் தண்ணீர். இலையிடுக்கில் இறங்கும் வெயில் பொட்டுகள் சூரியனின் பிம்பங்கள். துணிமேல் அவை நீள்வட்டமாகத்தான் விழும். இலை வடிவத்தில் போட்டால் பொய் பல்லிளிக்கும்.

வேலூரின் மே மாத வெயிலில் வாஷ் (நிறையத் தண்ணீர் கலந்து பரப்பும் வண்ணப் பூச்சு) கீழே வருவதற்குள் மேலே காய்ந்து கோடு விழுந்துவிடும். தாளின் பின்பக்கத்தையும் நனையுங்கள். தூரத்துப் பாறைக் குன்று உட்பட பெரிய வாஷ்களைக் காலை 8 மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. பாதி காய்ந்த இடத்தில் ஈரத் தூரிகை பட்டால் காலிஃபிளவர் மாதிரி பூக்கும். அதைத் தேய்க்காதீர்கள், தாள்தான் உரியும்.

பால் டீக்கு யெல்லோ ஓக்கரும் (மண் மஞ்சள்) பர்ன்ட் சியன்னாவும். பட்டின் பளபளப்பு? ஜரிகையில் இரண்டு இடத்தில் தாளைக் காலியாக விட்டால் வந்துவிடும்.