அம்மா வீட்டு வாளி

மலேசியாவின் ஷா ஆலமில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வாளி, மூடி, சோற்று டப்பா வடிவமைக்கிறேன். நேற்றிரவு ஆஸ்திரேலிய வடிவமைப்பாளர் மார்க் நியூசனைப் பற்றி நெடுநேரம் படித்துக்கொண்டிருந்தேன். சிட்னியில் நகை வேலையும் சிற்பமும் கற்றவர். ஃபைபர் கிளாஸ் உடம்பின் மேல் அலுமினியத் தகடுகளைத் துண்டு துண்டாக ரிவெட் ஆணி அடித்து அவர் 1980-களில் வடிவமைத்த 'லாக்ஹீட் லவுஞ்ச்' சாய்விருக்கை ஒன்று, 2015 லண்டன் ஏலத்தில் 24 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. அதே மனிதர்தான் மாஜிஸ் என்ற இத்தாலிய அறைகலன் நிறுவனத்துக்காகப் பாத்திரம் காயவைக்கும் பிளாஸ்டிக் தட்டும் செய்தார். வடியும் தண்ணீரை அடித்தட்டே பிடித்துக்கொள்ளும்; பக்கத்தில் சிங்க் இல்லாவிட்டாலும் மேசை நனையாது.

எனக்கு அந்த இருக்கையைவிட இந்தத் தட்டுதான் பெரிது. ரிவெட் ஒன்று கோணினால் பிடுங்கிவிட்டு மறுபடி அடிக்கலாம். ஆனால் உருக்கிய பிளாஸ்டிக்கை வார்க்கும் எஃகு அச்சை வெட்டியபின் திருத்துவது பெரும்பாடு. வாளியின் சுவருக்கு ஒரு டிகிரியாவது சரிவு கொடுக்காவிட்டால் அது அச்சைவிட்டு லேசில் வராது. சுவரின் தடிமன் சீராக இல்லையென்றால் ஆறும்போது குழி விழும். (கடைக்குப் போனாலும் என் விரல் அந்தக் குழியைத்தான் தேடும்.)

பொங்கலுக்குச் செந்தூல் வீட்டில் அம்மா என் வாளியில்தான் வாசல் கழுவினார். "கைப்பிடி கைய அறுக்கலய்யா" என்றார். அந்த வளைவுக்காக மூன்று வாரம் முதலாளியிடம் மன்றாடியிருக்கிறேன்.

வருகிற சனிக்கிழமை செதாப்பாக்கில் ராயல் சிலாங்கூர் பியூட்டர் தொழிற்சாலையில், பியூட்டர் (வெள்ளீயக் கலப்பு உலோகம்) தகட்டைச் சுத்தியலால் தட்டிக் கிண்ணம் செய்யப் போகிறேன். ஒரே ஒரு கிண்ணம். யாராவது கூட வருகிறீர்களா?