மூன்று ஓட்டல்களில் கை கழுவிய கதை

14 வருடமாகச் சென்னையில் குப்பை கொட்டுகிறேன், நல்ல ஓட்டல் நாலு எனக்குத் தெரியாதா என்று மனைவியிடம் வாயை விட்டதில் வந்த வினை இது. அலுவலகப் பயிற்சி என்று அவள் ஐந்து நாள் ஹைதராபாத் புறப்பட்டாள். அதே வாரம் பார்த்துக் கும்பகோணத்திலிருந்து அவள் அப்பா கண் பரிசோதனைக்கு வருகிறார். தங்குவது இரண்டு நாள். வேளைக் கணக்கில் ஐந்து. எனக்குச் சமைக்கத் தெரிந்தது உப்புமா மட்டும். கல்யாணமான புதிதில் மாமா அதை ஒருமுறை சாப்பிட்டிருக்கிறார். ஆகையால் நான் பேச்சை எடுப்பதற்கு முன்பே, "உங்களுக்கு எதற்குச் சிரமம் மாப்பிள்ளை, வெளியிலேயே பார்த்துக்கொள்ளலாம்" என்று தொலைபேசியில் முந்திக்கொண்டார்.

மாமா கூட்டுறவுச் சங்கத்தில் 32 வருடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு குட்டி டைரி இருக்கும். பஸ் டிக்கெட்டிலிருந்து வெற்றிலைக் கவுளி வரை அதில் ஏறிவிடும். குரலை உயர்த்த மாட்டார், யாரையும் குறை சொல்ல மாட்டார். "நன்றாக இருக்கிறது மாப்பிள்ளை. கொஞ்சம் உப்பு, புளி, காரம் இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்" என்பார். அந்த மூன்றும் இல்லாவிட்டால் மிச்சம் என்னதான் இருக்கிறது என்று நமக்கு உறைக்க அரை நிமிடம் பிடிக்கும்.

அலுவலகத்தில் விசாரித்தேன். சென்னையில் நல்ல சாப்பாடு எங்கே என்று கேட்டால் ஒருவரும் சென்னையைச் சொல்வதில்லை. மதுரைக்காரர் மதுரைப் பெயர் போட்ட கடைக்கு அனுப்புகிறார், காரைக்குடிக்காரர் செட்டிநாட்டுக்கு, ஆம்பூர்க்காரரிடம் பேச்சே வேண்டாம், பிரியாணிக்கு அப்பால் உலகம் இல்லை அவருக்கு. எப்படியோ பதினோரு இடங்கள் கொண்ட பட்டியல் ஒன்று தேறியது. அண்ணா சாலையில் 1951 முதல் இருக்கும் புஹாரி, சிக்கன் 65 பிறந்த வீடு என்று பெயர் வாங்கியது. சேப்பாக்கம் நாயர் மெஸ்ஸின் மீன் வறுவல். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கையோடு கொண்டுவந்த அத்தோ என்கிற நூடுல்ஸ், பாரிமுனைப் பக்கம். பெருமையோடு மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வியாழன் ராகவேந்திரர், வெள்ளி அம்பாள் மாப்பிள்ளை. இரண்டு நாளும் முட்டைகூடக் கிடையாது" என்றார். பட்டியலில் ஏழு போயிற்று.

வியாழன் விடியற்காலை உழவன் எக்ஸ்பிரஸில் எழும்பூர் வந்து இறங்கினார். வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு கடை. பளபளவென்று பித்தளை டவரா டம்ளர், மேலே 'ஒரிஜினல் கும்பகோணம் டிகிரி காபி' என்று பலகை. ஊர்க்காரர் மகிழ்வார் என்று நிறுத்தினேன். மாமா ஒரு வாய் குடித்தார். டவராவைத் திருப்பி அடியைத் தடவிப் பார்த்தார். "பாத்திரம் கும்பகோணம்தான் மாப்பிள்ளை, சந்தேகமே இல்லை. காபி எந்த ஊர் என்று விசாரியுங்கள்."

கண் மருத்துவமனையில் பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விட்டார்கள். அடுத்த சில மணி நேரம் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும், வெளிச்சம் கூசும் என்று சொல்லி, ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டி அனுப்பினார்கள். இந்தத் தகவலை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

மதியம் நுங்கம்பாக்கத்தில், கைபேசியில் 4.6 நட்சத்திரம் காட்டிய ஒரு சைவ உணவகம். 'பாரம்பரியத்தின் மறுபிறப்பு' என்று சுவரில் எழுதியிருந்தது. மறுபிறப்பில் இட்லி கோலிக்குண்டு அளவுக்குச் சிறுத்துப் போயிருந்தது. கறுப்புக் கல் பலகை ஒன்றில் நாலு குண்டு. பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் சாம்பார். சட்னியைத் தூரிகையால் ஒரு கோடு இழுத்துவிட்டிருந்தார்கள். மாமா குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"மாப்பிள்ளை, எனக்குக் கண் மங்கலாகத் தெரிகிறதா, இல்லை உண்மையிலேயே தட்டில் ஒன்றும் இல்லையா?"

"இருக்கிறது மாமா. சிறிதாக."

குப்பியைக் கையில் எடுத்தார். "இதுவும் சொட்டு மருந்தா? ஒரு கண்ணுக்கு எத்தனை?"

பில் 1,140 ரூபாய் வந்தது. கண் மங்கலாக இருந்ததில் எனக்கு ஒரே லாபம், தொகையை அவரால் படிக்க முடியவில்லை. "எவ்வளவு?" என்று டைரியைத் திறந்தார். பாதியாகக் குறைத்துச் சொன்னேன். அதற்கே பேனா சற்று நின்றுதான் எழுதியது.

பசியோடு 29சி பஸ் ஏறினோம். கதீட்ரல் சாலையில் போகும்போது மாமா திடீரென்று ஜன்னல் பக்கம் திரும்பினார். "இங்கேதானே உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்? காருக்கே தட்டு கொண்டுவந்து மாட்டுவார்களே?" 1962-ல் தொடங்கி 2008-ல் மூடிவிட்டார்கள், இப்போது அது செம்மொழிப் பூங்கா என்றேன். "சங்க வேலையாக வந்தபோது ஒருமுறை சாப்பிட்டேன். நான் போனது டவுன் பஸ்ஸில். இறங்கி நடந்து போய், யாரோ ஒருவருடைய காருக்குப் பக்கத்தில் நின்று பூரி சாப்பிட்டேன்" என்றார். பூங்காவில் இப்போது டிக்கெட் வாங்கிச் செடி பார்க்கலாம். பூரி கிடையாது.

மயிலாப்பூரில்தான் அசல் கூத்து. முதல் ஓட்டலுக்குள் நுழைந்ததும் மாமா மேஜைப் பக்கமே திரும்பாமல் நேராகக் கை கழுவும் இடத்துக்குப் போனார். கழுவினார். கறுப்புக் கண்ணாடியோடு ஒரு நிமிடம் அப்படியே நின்றார். திரும்பி வந்து, "வேறு இடம் பார்க்கலாமே" என்று சொல்லி வெளியே நடந்தார். இரண்டாவது ஓட்டலிலும் அதே கதை: கழுவினார், நின்றார், வெளியே வந்தார். ஆர்டர் எடுக்க வந்த பையனிடம் நான் அசட்டுச் சிரிப்பு ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு நழுவினேன். ஓட்டல்களின் பெயர் வேண்டாம். காய்கறி வாங்க நான் அந்தத் தெரு வழியாகத்தான் போயாக வேண்டும்.

மூன்றாவது ஓட்டலில் விஷயம் முற்றியது. கறுப்புக் கண்ணாடி, கையில் டைரி, கை கழுவும் இடத்தில் ஆணி அடித்தது போல நிற்கும் பெரியவர். கல்லாவில் இருந்தவர் பார்த்துவிட்டார். ஒரே நிமிடத்தில் ஒருவர் தரையைத் துடைக்க ஓடினார், இன்னொருவர் புதுச் சோப்பு பிரித்தார், பரிமாறுபவர்கள் தலையில் எங்கிருந்தோ தொப்பிகள் முளைத்தன. மேற்பார்வையாளர் கைகட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து, "சார், உணவுப் பாதுகாப்புத் துறையா?" என்றார்.

"இல்லை தம்பி, கூட்டுறவுத் துறை" என்றார் மாமா. பொய் சொல்லத் தெரியாத மனிதர். ஆனால் அந்தப் பதில் மேற்பார்வையாளரை இன்னும் கலவரப்படுத்தியது. இரண்டு பில்டர் காபி வந்தது, காசு வேண்டாம் என்றார்கள். மாமா குடிக்காமலே காசை வைத்துவிட்டு வெளியேறினார்.

மாட வீதியில் எனக்குப் பொறுமை போய்விட்டது. "மாமா, மூன்று ஓட்டலில் கை கழுவியாயிற்று, ஒன்றில்கூட வாய் வைக்கவில்லை. குழாயில் அப்படி என்னதான் பார்க்கிறீர்கள்?"

"குழாயை யார் பார்த்தார்கள்? கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில்தானே எச்சில் இலைத் தொட்டி இருக்கும். சாப்பிட்டு எழுந்தவன் இலையில் எதை விட்டுவிட்டுப் போனான் என்று பார்க்கிறேன். முதல் கடையில் பொரியல் போன மாதிரியே திரும்பி வருகிறது. இரண்டாவதில் சாம்பார் குளமாக நிற்கிறது. மூன்றாவதில் எல்லாரும் தோசையைப் பாதியில் விட்டிருக்கிறார்கள். பசியோடு வந்தவன் பாதித் தோசையை விடுகிறான் என்றால் மாவில் கோளாறு."

"கண் மங்கல் என்றீர்களே?"

"கிட்டத்தில்தான் மங்கல். தொட்டி தூரத்தில்தானே இருக்கிறது?"

4.6 நட்சத்திரத்தை நம்பிப் பணம் கொடுத்தவன் நான். பதில் பேச வழியில்லை.

அன்று மாலை எங்களைக் காப்பாற்றியது பொன்னம்பல வாத்தியார் தெரு ஜன்னல் கடை. பெயருக்கு ஏற்றபடி ஒரு வீட்டின் ஜன்னல்தான் கடை. கம்பிக்கு அந்தப் பக்கம் எண்ணெய்ச் சட்டி, இந்தப் பக்கம் நீளும் கைகள். மேஜை நாற்காலி இல்லை, எல்லாரும் தெருவில் நின்றுதான் சாப்பிட வேண்டும். இங்கே இவர் எங்கே போய்க் கை கழுவுவார் என்று எனக்கு உள்ளூரக் குஷி. மாமா தெருவோரமாக ஒரு சுற்று நடந்தார். தின்றுவிட்டு எறிந்த தட்டுகளைத் தூரத்திலிருந்தே நோட்டம் விட்டார். "சட்னியை வழித்து நக்கியிருக்கிறான்" என்று முணுமுணுத்துவிட்டு ஜன்னலுக்குள் கையை நீட்டினார். வாழைக்காய் பஜ்ஜியைப் பிட்டார், ஆவி கறுப்புக் கண்ணாடியில் படிந்தது. கண்ணாடியைத் துடைக்காமலே அடுத்ததையும் முடித்தார். பிறகு மாட வீதியில் காளத்தி கடை ரோஸ்மில்க். பத்திரிகை விற்கும் கடையில் எதற்கு ரோஸ்மில்க் என்று கேட்டவர், குடித்தபின் அந்தக் கேள்வியைத் தொடரவில்லை.

வெள்ளி காலை திருவல்லிக்கேணி ரத்னா கபே. 1948-ல் தொடங்கிய இடம். இங்கே இட்லிக்குச் சாம்பார் தொட்டுக்கொள்ளும் பழக்கம் இல்லை. சாம்பாருக்குள் எங்கோ இட்லி இருக்கிறது என்று நம்பிச் சாப்பிட வேண்டும். பாத்திரத்தோடு ஒருவர் சுற்றி வருவார், தட்டில் மட்டம் குறைந்தால் ஊற்றிவிட்டுப் போவார். மாமா மூன்றுமுறை ஊற்ற வைத்தார். நெற்றி வியர்த்தது. உப்பு, புளி, காரம் பற்றிப் பேச்சே இல்லை. இதுதான் சமயம் என்று, "மாமா, இதை ஆரம்பித்தது வடநாட்டுக் குடும்பம். மதுராவிலிருந்து வந்த குப்தா" என்றேன். காவிரிக்கரை மனிதர் கலங்குவார் என்று ஓர் அற்ப ஆசை.

கரண்டி ஒரு நொடிதான் நின்றது. "இருக்கட்டுமே. எங்கள் தஞ்சாவூரில் மராத்திய ராஜா அரண்மனையில்தான் சாம்பாரே பிறந்தது என்று ஒரு கதை உண்டு. சாம்பார் எப்போதுமே வெளியூர்க்காரன் கைக்குத்தான் அமையும்" என்று சொல்லிவிட்டு நாலாவது முறைக்குத் தட்டை நகர்த்தினார்.

மதியச் சாப்பாட்டுக்கும் திருவல்லிக்கேணியை விட்டு நகரவில்லை. கல்யாணத்துக்கு முன் நான் மேன்ஷன் அறை ஒன்றில் குடியிருந்த பேட்டை அது. அறைக்குள் ஒரு கட்டில், ஓர் ஆணி. அடுப்புக்கு அனுமதி இல்லை. இப்படி ஆயிரக்கணக்கான பிரம்மச்சாரிகளை ஒரே பேட்டையில் அடைத்து வைத்தால் மெஸ்கள் முளைக்காமல் என்ன செய்யும்? விருந்தினர் ஒருநாள் வந்து போவார். மெஸ்ஸுக்கு வருகிறவன் நாளையும் வருவான், ரசம் தண்ணீராக இருந்தால் முகத்துக்கு நேரே சொல்வான். காசி விநாயகா மெஸ்ஸில் டோக்கன் வாங்கிக்கொண்டு தெருவில் காத்திருக்க வேண்டும். அழைத்தால் உள்ளே போய், காட்டிய இடத்தில் உட்கார வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தையே கட்டி ஆண்டவருக்கு இந்த ஒழுங்கு ரொம்பவும் பிடித்துவிட்டது. "ரேஷன் கடையில்கூட இவ்வளவு நேர்மையாக வரிசை நகராது" என்றார். வெளியே வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். இலையைப் பார்க்கவில்லையா என்று கேட்டதற்கு, "ஏப்பம் கேட்கிறதே" என்றார்.

இரவு ரயிலேற்றப் போனபோது, டைரியை என்னிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனார். திறப்பது தவறுதான், திறந்துவிட்டேன். 'வியாழன் பகல்: ரூ. 570 (மாப்பிள்ளை சொன்னது). உண்மையில் இரண்டு மடங்கு இருக்கும். பசி ஆறவில்லை. மாலை: மூன்று ஓட்டல், கை கழுவியது, காபி 2, குடிக்கவில்லை. ஜன்னல்: பஜ்ஜி 4. வெள்ளி: சாம்பார் 4 தடவை. மெஸ்: டோக்கன் முறை நன்று.' கடைசியில் அடிக்கோடிட்டு ஒரு வரி: 'மாப்பிள்ளைக்கு ஊர் முழுக்க அத்துப்படி.' அது பாராட்டா, கிண்டலா என்று கண்டுபிடிப்பதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது.

பாராட்டாகத்தான் இருந்திருக்க வேண்டும். கும்பகோணத்தில் மகாமகக் குளத்தைச் சுற்றிக் காலையில் நடக்கும் அவருடைய நண்பர் குழு ஒன்று உண்டு. என் எண் அங்கே எல்லாரிடமும் போய்ச் சேர்ந்துவிட்டது. நேற்று மதியம் மீட்டிங்கில் இருக்கும்போது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"தம்பி, நான் உங்கள் மாமனாருக்கு வேண்டியவன். சென்னைக்கு வந்தேன். இப்போது ஓர் ஓட்டலில் நிற்கிறேன். அவர் சொன்ன மாதிரி கை கழுவிவிட்டேன். அடுத்து என்ன செய்ய வேண்டும்?"