சங்கத்தின் டெபாசிட்டை மீட்ட அலைச்சல்

பெரம்பூரில் இருக்கும் எங்கள் சகோதர சங்கத்தின் பழைய டெபாசிட் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. பத்து ஆண்டுகள் யாரும் உரிமை கோராத வைப்புத் தொகையை வங்கி, ரிசர்வ் வங்கியிடம் உள்ள தனி நிதிக்கு மாற்றிவிடும். அதற்காகப் பணம் போய்விட்டதாக அர்த்தமில்லை. அதே வங்கியில் கேட்டு வாங்கலாம். இதைக் கிளையில் இருந்தவருக்கு நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

உறுப்பினர் இறந்தால் அன்றைக்கே குடும்பத்தின் கையில் ஏதாவது கொடுக்கப் பெரியவர்கள் சேர்த்து வைத்த நிதி இது. தொண்ணூறுகளில் வட்டி 12 சதவீதம் வரை கிடைத்ததால் அசலைத் தொடாமலே சமாளித்தார்கள். அப்புறம் வட்டி இறங்கியது, சந்தாவும் குறைந்தது. கையெழுத்து அதிகாரம் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் காலமானார்கள். ரசீது பீரோவிலேயே கிடந்தது.

உரிமை கோராத டெபாசிட்டுகளைத் தேட ரிசர்வ் வங்கி 2023-இல் கொண்டுவந்த உத்கம் இணையதளத்தில் தேடினேன். ஒரு விஷயம்: சங்கத்தின் பெயரை இன்றைய எழுத்துக்கூட்டலில் போட்டால் எதுவும் வரவில்லை. பழைய ரசீதில் இருந்தபடியே போட்டதும் வந்தது.

கிளையில்தான் வயிறு எரிந்தது. "டெபாசிட் போட்டவங்க நேர்ல வரணும்" என்றார் அங்கிருந்த ஊழியர். இறந்துவிட்டார்கள் என்றேன். "அப்போ வாரிசுச் சான்றிதழ் கொண்டு வாங்க." சங்கத்தின் பணத்துக்கு எந்த வாரிசு? தனி ஆள் கணக்கும் சங்கக் கணக்கும் ஒன்றல்ல. மறுப்பதை எழுத்தில் கொடுங்கள் என்று மனுவாகவே நீட்டிய பிறகுதான் மேலாளர் உள்ளே கூப்பிட்டார். பதிவுச் சான்றிதழ், துணைவிதிகள், பான், நிர்வாகக் குழுத் தீர்மானம், இன்றைய நிர்வாகிகளைக் காட்டும் படிவம் 7 ஆகியவை போதும் என்றார்.

அந்தப் படிவம் 7 பல ஆண்டுகளாகச் சங்கங்களின் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கலாகவே இல்லை! விடுபட்ட ஆண்டுகளின் கணக்கையும் ஆடிட் செய்து கட்டணத்தோடு கொடுக்கச் சொன்னார்கள். முன்னாள் பொருளாளரின் துணைவியார் ரொக்கப் புத்தகங்களைப் பரணில் பத்திரமாக வைத்திருந்தார். அந்த அம்மா இல்லையென்றால் ஆடிட்டரிடம் காட்ட ஒன்றுமே இருந்திருக்காது.

பணம் வந்ததும் வட்டியைச் சரிபாருங்கள். ரிசர்வ் வங்கியின் அந்தத் தனி நிதிக்குப் போன, வட்டி தரும் வகை டெபாசிட்டுக்கு 2021 மே முதல் 3 சதவீத வட்டி உண்டு. எங்களுக்கு முதலில் அதைச் சேர்க்காமல் வரவு வைத்தார்கள். கேட்ட பிறகே மீதி வந்தது.

கையெழுத்துப் போடும் மூவரில் ஒருவராவது ஐம்பது வயதுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று இப்போது தீர்மானம் போட்டிருக்கிறோம். புது நிர்வாகிகளின் படிவம் 7-ஐயும் தாக்கல் செய்து, ஒப்புகைச் சீட்டை மினிட்ஸ் புத்தகத்திலேயே ஒட்டியாயிற்று.